ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க எந்த வழி பாதுகாப்பானது?

கம்ப்யூட்டரில் சி டிரைவ் ஒன்று மட்டும்தான் இருக்கிறது, டிஸ்க்கின் மொத்த இடமும் அதற்கே. அதில் கொஞ்சம் வெட்டி டி டிரைவ் வைத்துக்கொள்ளலாம், அல்லது லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு வழிகள் நிறைய உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட், கட்டளை அடித்து இயக்கும் டிஸ்க்பார்ட், தனியாக இன்ஸ்டால் செய்யும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி) மென்பொருட்கள், பென் டிரைவிலிருந்து பூட் ஆகும் ஜிபார்ட்டட், லினக்ஸ் இன்ஸ்டாலரே தரும் பிரிப்பு வசதி. இவற்றோடு, பிரிக்காமலே காரியத்தை முடிக்கும் வழிகளும் இருக்கின்றன.

எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு மென்பொருளின் பெயர்தான் பதிலாக வரும். ஆனால் ஆபத்து மென்பொருளின் பெயரில் இல்லை, அதை வைத்து நீங்கள் செய்யச் சொல்லும் வேலையில் இருக்கிறது. எந்தக் கருவியானாலும் அது செய்வது மூன்றில் ஒன்றுதான்.

முதல் வகை, காலியாகக் கிடக்கும் இடத்தில் புதிய பார்ட்டிஷன் உருவாக்குவது. எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையில் ஒரு வரி கூடுகிறது, புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு தலைப்பைச் சேர்ப்பது போல. ஏற்கெனவே இருக்கும் ஃபைல் எதையும் அது தொடுவதில்லை, சில நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது வகை, இருக்கிற பார்ட்டிஷனின் வால் பகுதியைச் சுருக்குவது. அந்த வால் பகுதியில் இருக்கும் ஃபைல்கள் மட்டும் முன்பக்கமாக நகர்த்தப்படும், பிறகு எல்லைக்கோடு மாறும். மூன்றாவது வகை, பார்ட்டிஷனின் தொடக்கத்தையே வேறு இடத்துக்கு நகர்த்துவது. அப்போது உள்ளே இருக்கும் அத்தனையும் படிக்கப்பட்டு வேறு இடத்தில் எழுதப்பட வேண்டும். 400 ஜிபி இருந்தால் 400 ஜிபியும். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் பல மணி நேரம் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் பாதி டேட்டா பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் நிற்கும். பார்ட்டிஷன் செய்யப்போய் எல்லாம் போய்விட்டது என்ற கதைகளில் நிறைய இந்த மூன்றாவது வகையில் வந்தவை, அல்லது தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததால் வந்தவை.

ஆகவே எந்த வழியையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்: இருக்கிற டேட்டாவில் எவ்வளவு இடம் மாறும்?

பிரிக்காமலே முடியுமா?

எதுவுமே இடம் மாறாத வழி இதுதான் என்பதால் முதலில் இதைப் பார்த்துவிடலாம். டிஸ்க்கைப் பிரிக்க மக்கள் சொல்லும் காரணங்களில் சில இன்று செல்லாது. பிரித்தால் வேகம் கூடும் என்பதற்கு சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓரளவு அடிப்படை உண்டு. தட்டின் வெளி விளிம்பில் படிக்கும் வேகம் அதிகம் என்பதால் முதல் பார்ட்டிஷனுக்கு அந்தச் சலுகை கிடைக்கும். எஸ்எஸ்டியில் அப்படி எதுவும் இல்லை. எந்த பார்ட்டிஷனில் எழுதினாலும், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தன் கணக்குப்படி சிப்கள் முழுக்கப் பரப்பித்தான் வைக்கும். அடுத்து, டி டிரைவில் வைத்தால் டேட்டா பத்திரம் என்ற நம்பிக்கை. விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை ஃபார்மேட் செய்ய நேர்ந்தால் டி பிழைக்கும், அது உண்மை. ஆனால் டிஸ்க்கே செத்தால் சியும் டியும் சேர்ந்துதான் போகும். போட்டோக்களை சியிலிருந்து டிக்கு காப்பி செய்துவிட்டு பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தயவுசெய்து அதை பேக்கப் என்று நினைக்காதீர்கள்.

விண்டோஸை அடிக்கடி மறுபடி நிறுவுகிறவர்களுக்கு டி டிரைவ் உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு ஒழுங்கான ஃபோல்டர்களே போதும். வேலை ஃபைல்கள் தனி டிரைவாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் விரும்பினால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் ஆக்‌ஷன் மெனுவில் விர்ச்சுவல் ஹார்ட் டிஸ்க் உருவாக்கும் வசதி இருக்கிறது. அது சி டிரைவுக்குள் ஒரு ஃபைல், ஆனால் திறந்ததும் தனி டிரைவாக நிற்கும். வேண்டாமென்றால் ஃபைலை அழித்துவிடலாம். லினக்ஸ் கட்டளைகளைப் பழகுவதுதான் நோக்கமென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, இல்லையென்றால் கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷின். இரண்டுக்கும் பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடவே வேண்டாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. 2017இல் ஹை சியராவுடன் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையில் ஒரே கன்டெய்னருக்குள் பல வால்யூம்கள் (டிரைவ்கள்) இடத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே அளவு ஒதுக்க வேண்டியதில்லை.

கணினியில் இன்னொரு டிஸ்க்குக்கு இடம் இருந்தால், லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி போடுவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். நிறுவும்போது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால் தவறு நடக்க வழியே இல்லை. லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம், அதனால் இந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்

சி டிரைவைச் சுருக்கி டி உருவாக்குவதற்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காரணம், இது மூன்றாவது வகை வேலையைச் செய்யவே செய்யாது. பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தும் வசதி இதில் கிடையாது. அதைக் குறை என்பவர்கள் உண்டு. புதிதாகச் செய்கிறவருக்கு அந்தக் குறையே பாதுகாப்பு.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த ஷ்ரிங்க் வசதி இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். சி மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். சிறிது நேரம் கணக்குப் போட்டுவிட்டு ஒரு பெட்டியைக் காட்டும். அதில் கேட்கப்படுவது எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும் என்பது, மீதி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அல்ல. அளவும் எம்பியில் இருக்கும். 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று எழுத வேண்டும். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் அங்கே 931 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது, இடம் எங்கும் போகவில்லை.

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். டிரைவில் 300 ஜிபி காலி, ஆனால் சுருக்க முடிவது 20 ஜிபிதான் என்று பெட்டி சொல்லும். நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று எங்கே உட்கார்ந்திருக்கிறதோ, அந்த இடத்தைத் தாண்டி விண்டோஸால் சுருக்க முடியாது. நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஹைபர்னேஷன் ஃபைல், பேஜிங் ஃபைல், விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப சிஸ்டம் ரிஸ்டோர் வைத்திருக்கும் பிரதிகள் ஆகியவை வழக்கமான தடைகள். இவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிய பின் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். சிஸ்டம் ரிஸ்டோரை அணைத்தால் பழைய ரிஸ்டோர் பாயின்ட்டுகள் போய்விடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். எந்த ஃபைல் தடுக்கிறது என்று ஊகிக்கவும் தேவையில்லை. ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்தால் கடைசியாகத் தடுத்த ஃபைலின் பெயரே இருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் போதிய இடம் கிடைக்காவிட்டால், விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸின் சொந்த அட்டவணையான எம்எஃப்டியின் துண்டு ஏதாவது நடுவில் கிடக்கலாம். அப்போது வெளியிலிருந்து பூட் ஆகும் கருவிதான் வழி.

இன்னொரு பெட்டியையும் சொல்லியாக வேண்டும். பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் பழைய முறையான எம்பிஆரில் ஒரு டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்க முடியும். நான்கும் நிரம்பிய டிஸ்க்கில் புதிதாக ஒன்று உருவாக்கப்போனால், டிஸ்க்கை டைனமிக் என்ற வேறு அமைப்புக்கு மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். சாதாரணக் கேள்வி போலத் தெரியும், பலர் யெஸ் என்று தட்டிவிடுவார்கள். தட்டாதீர்கள். டைனமிக் ஆன டிஸ்க்கைப் பழையபடி ஆக்க, விண்டோஸின் சொந்த வழியில் எல்லா வால்யூம்களையும் அழிக்க வேண்டியிருக்கும். அந்த முறையையே மைக்ரோசாஃப்ட் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. அட்டவணையை எழுதும் புதிய முறையான ஜிபிடியில் இந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸில் ஜிபிடி டிஸ்க் 128 பார்ட்டிஷன் வரை தாங்கும், 2 டிபி வரம்பும் கிடையாது, அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும். புதிய டிஸ்க் என்றால் யோசிக்காமல் ஜிபிடி.

அப்புறம் எக்ஸ்டெண்ட். ஒரு பார்ட்டிஷனைப் பெரிதாக்க, அதற்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தாக வேண்டும். சியில் இடம் போதவில்லை, டியில் நிறைய இருக்கிறது, டியைச் சுருக்கி சிக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் டியைச் சுருக்கினால் காலி இடம் டியின் வலப்பக்கத்தில்தான் விழும், சிக்கு எட்டாது. எட்ட வைக்க டியை அப்படியே நகர்த்த வேண்டும், அதாவது மூன்றாவது வகை வேலை. இதற்குப் பதிலாக டியில் இருப்பதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்து, திறந்து பார்த்துச் சரிபார்த்து, டியை அழித்து, சியை நீட்டி, டியை மறுபடி உருவாக்குவது நல்லது. முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள். டேட்டா இடம் மாறுவது இதிலும் அதே அளவுதான், ஆனால் பாதியில் எது நின்றாலும் முழுப் பிரதி கையில் இருக்கும்.

டிஸ்க்பார்ட்

டிஸ்க் மேனேஜ்மென்ட் மறுக்கும் சில வேலைகளை இது செய்யும். 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் ஒன்று, விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாததால் ஏராளமான கணினிகளில் தோற்றது. அதை 250 எம்பி பெரிதாக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வழிமுறை டிஸ்க்பார்ட்டை வைத்துத்தான் இருந்தது. இடம் மிச்சமாகட்டும் என்று ரெக்கவரி பார்ட்டிஷனை அழிப்பதோ சுருக்குவதோ வேண்டாம் என்பதற்கும் இதே சம்பவம் போதும்.

இதில் கேள்வி கேட்கும் பெட்டிகள் கிடையாது. கிளீன் என்று அடித்து என்டர் தட்டினால், தேர்ந்தெடுத்திருக்கும் டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரம் முழுவதும் அந்த நொடியே போய்விடும். உறுதியா என்று ஒரு தடவைகூடக் கேட்காது. ஆகவே எந்த அழிக்கும் கட்டளைக்கும் முன்னால் லிஸ்ட் டிஸ்க் அடித்து, நட்சத்திரக் குறி எந்த டிஸ்க்கின் பக்கத்தில் இருக்கிறது, அதன் அளவு என்ன என்று பாருங்கள். தேவையில்லாத எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் பென் டிரைவ்களையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். சாதாரணமாக ஒரு டி டிரைவ் வேண்டும் என்கிறவருக்கு இது தேவையே இல்லை.

இன்ஸ்டால் செய்யும் மென்பொருட்கள்

மினிடூல், ஈஸ்யூஎஸ், ஆமி போன்றவை. விண்டோஸுக்குள்ளிருந்தே பார்ட்டிஷனை நகர்த்த முடியும் என்பதுதான் இவற்றின் பலம். சிறிய டிஸ்க்கிலிருந்து பெரிய டிஸ்க்குக்கு குளோன் (அப்படியே நகல்) செய்தவர்களுக்கு ஒரு நிலைமை வரும்: சி, அதற்கடுத்து ரெக்கவரி பார்ட்டிஷன், அதற்கும் பின்னால் காலி இடம். சியை நீட்ட ரெக்கவரியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். நகரப்போவது ஒரு ஜிபிக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், மூன்றாவது வகையாக இருந்தாலும் இதைத் துணிந்து செய்யலாம். 400 ஜிபி டியை நகர்த்துவதோடு இதை ஒன்றாக வைக்கக் கூடாது.

நீங்கள் சொன்ன மாற்றங்களை இவை வரிசையில் வைத்துக்கொள்ளும், அப்ளை தட்டும் வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. அந்த வரிசையை நிதானமாக ஒரு முறை படியுங்கள். நகர்த்து என்ற சொல் எந்த பார்ட்டிஷனுக்கு எதிரே வந்திருக்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துவிடும். சியைத் தொடும் வேலை என்றால் பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் வருவதற்கு முன் கறுப்புத் திரையில் வேலை நடக்கும். அது நகராமல் நிற்பது போலத் தெரிந்தாலும் பவர் பட்டனை அழுத்தக் கூடாது. சிலவற்றில் முக்கியமான வசதி காசு கட்டிய பதிப்பில்தான் இருக்கும், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஜிபார்ட்டட்டும் லினக்ஸ் இன்ஸ்டாலரும்

பென் டிரைவிலிருந்து பூட் ஆவதால் உள்ளே இருக்கும் டிஸ்க் அப்போது பயன்பாட்டில் இருக்காது. அதனால் விண்டோஸைத் தடுத்த பேஜிங் ஃபைல், எம்எஃப்டி போன்றவை ஜிபார்ட்டட்டைத் தடுப்பதில்லை. லினக்ஸின் வழக்கமான ஃபைல் முறையான ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டுமென்றால் இதுதான் இயல்பான இடம், ஏனென்றால் மவுன்ட் ஆகி, அதாவது பயன்பாட்டில், இருக்கும்போது அதைச் சுருக்க முடியாது. லினக்ஸின் இன்னொரு ஃபைல் முறையான எக்ஸ்எஃப்எஸ்ஸை இதில் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. லினக்ஸ் நிறுவும்போதே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் பார்ட்டிஷனைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஸை ஜிபார்ட்டட் சுருக்க மறுக்கும், அந்த மறுப்பை வலுக்கட்டாயமாகத் தாண்டப் பார்க்காதீர்கள். ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். இன்னொன்று, டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கும், பலருக்கு அது தெரியாது. பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை ஜிபார்ட்டட்டால் சுருக்க முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டால் முடியும். எந்த வழியில் போனாலும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் அதைக் கேட்கும், இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது.

லினக்ஸ் இன்ஸ்டாலர்களில் டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்று ஒரு தேர்வு இருக்கும். அது விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் அழிப்பதில்லை, டியையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் அழிக்கும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தேர்வு ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனாலும் எனக்குப் பிடித்தது இரண்டையும் பிரித்துச் செய்வது: சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முடித்து, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிடைத்த காலி இடத்தை மட்டும் இன்ஸ்டாலரிடம் கொடுப்பது. அப்போது இன்ஸ்டாலர் செய்வது முதல் வகை வேலை மட்டும். என்டிஎஃப்எஸ்ஸை அதை உருவாக்கிய விண்டோஸே சுருக்கட்டும், ஈஎக்ஸ்டி4ஐ லினக்ஸ் உருவாக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை, பெரும்பாலும் 100 எம்பி இருக்கும், பயன்படுத்தச் சொல்லுங்கள். ஃபார்மேட் டிக் மட்டும் விழுந்துவிடக் கூடாது, விண்டோஸின் பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன.

தொடங்கும் முன்

பேக்கப் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும், அதிலிருந்து நாலைந்து ஃபைல்களையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். முழு டிஸ்க்கின் இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், வேண்டுமென்றால் குளோன்ஸில்லா என்ற மென்பொருள் நல்லது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர்கள் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட இடங்கள்) கூடிக்கொண்டே போகும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம், டேட்டாவை வெளியே எடுப்பதுதான் அவசரம். லேப்டாப்பை சார்ஜரில் செருகியே வைத்திருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பார்ட்டிஷன் எந்த வரிசையில், எந்த அளவில் இருந்தது என்பது பின்னால் தேவைப்படலாம்.

தேவைப்படுவது, ஒரு பார்ட்டிஷன் காணாமல் போகும்போது. அப்போது விண்டோஸ், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று சொல்லலாம். கேன்சல் தட்டிவிட்டு அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். அட்டவணையில் வரி அழிந்திருந்தாலும் ஃபைல்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். எஸ்எஸ்டியில் மட்டும், இந்த இடம் இனி தேவையில்லை என்று அதற்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விட்டால் மீட்பது கடினம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கைத் தேடிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துத் தரும். அதை வேறு டிஸ்க்கிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ இயக்குங்கள். கண்டுபிடித்த பார்ட்டிஷன் மேல் நின்று ஆங்கில P எழுத்தை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பட்டியல் வரும். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் அதில் தெரிகின்றனவா, அளவு நீங்கள் எடுத்து வைத்த படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் ரைட் (Write) கொடுத்து அட்டவணையை எழுதுங்கள்.